அழகர் இறங்கும்வரை விழித்திருக்க எந்த விளையாட்டு?

எங்கள் வீடு செல்லூரில். வைகைக்கரை நடக்கிற தூரம். அதனால் வருஷத்தில் ஒரு ராத்திரி வீடு சத்திரமாகிவிடும். மூன்றுமாவடியில் எதிர்சேவை முடித்து, புதூர் வழியாகத் தல்லாகுளம் வந்து, ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையைச் சாத்திக்கொண்டு, விடியற்காலையில் தங்கக்குதிரையில் ஆற்றில் இறங்குகிற அழகரைப் பார்க்க மேலூரிலிருந்து பெரியம்மா குடும்பம், உசிலம்பட்டியிலிருந்து சித்தப்பா குடும்பம், திருமங்கலத்திலிருந்து அத்தை வீடு என்று எல்லாரும் முந்தின நாள் பொழுது சாயும்போதே வந்து இறங்கிவிடுவார்கள். போன வருஷம் எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பேர். ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு முடிந்துவிடும். ஆற்றுக்குக் கிளம்ப மூன்று மணியாகும். நடுவில் கிடக்கிற ஐந்து மணி நேரம்தான் தலைவலி. படுத்தால் எழுந்திருக்க முடியாது. பிள்ளைகள் ஆளுக்கொரு செல்போனோடு மூலைக்கு மூலை ஒதுங்கிவிடுகிறார்கள். பெரியவர்கள் பழைய நிலத் தகராறைக் கிளற ஆரம்பிக்கிறார்கள்.

"எல்லாரும் சேந்து ஆடுற மாதிரி டிவில ஏதாவது போடுப்பா" என்று இந்த முறை சித்தப்பாவே சொல்லிவிட்டார். கையில் ஒரு பழைய பிஎஸ்4 இருக்கிறது, டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் பெட்டி, செகண்ட் ஹேண்ட். கன்ட்ரோலர் இரண்டு. அதில் ஒன்றின் இடது குச்சி தானாகவே மேல்பக்கம் இழுக்கும். புது விளையாட்டு ஒன்று வாங்கலாம், மிஞ்சிப்போனால் இரண்டு. எதை வாங்குவது என்று பார்க்கப்போய்தான் நாலு பேர் சேர்ந்து கூத்தடிக்கிற கோமாளி விளையாட்டுகளைப் பற்றி விமர்சகர்கள் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். பொங்கலுக்கு அண்ணா நகர் நண்பனின் பெட்டியை நாலு கன்ட்ரோலரோடு மூன்று நாள் கடன் வாங்கி வந்து வீட்டிலேயே ஒத்திகையும் பார்த்தாயிற்று.

படித்ததும் பார்த்ததும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. விமர்சகர் தப்பாக எழுதிவிட்டார் என்று சொல்ல வரவில்லை. அவர் விளையாட்டை எடைபோடுகிறார், நான் ஒரு ராத்திரியை எடைபோடுகிறேன். அவருக்குக் குறையாகத் தெரிந்த சில எங்கள் வீட்டுக் கூடத்தில் குறையாகவே இல்லை. அவர் ஒரே வரியில் தாண்டிப் போன ஒன்று எங்களுக்குப் பெரிய குறையாகிவிட்டது.

முதலில் கேங் பீஸ்ட்ஸ். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சகோதரர்கள் சேர்ந்து நடத்தும் போன்லோஃப் என்ற சின்ன நிறுவனம் செய்தது. 2014-லேயே அரைகுறையாக விற்பனைக்கு வந்து, 2017 டிசம்பரில்தான் முழு வடிவம் என்று வெளியிட்டார்கள். பீஃப் சிட்டி என்று ஒரு கற்பனை ஊர். அதில் எலும்பே இல்லாத மாதிரி ஆடுகிற ஜெல்லிப் பொம்மைகள். ஒன்றை ஒன்று பிடித்துத் தூக்கி மாடியிலிருந்தோ ஓடுகிற லாரியிலிருந்தோ கீழே தள்ள வேண்டும், அவ்வளவுதான் கதை. கன்ட்ரோலரில் எல்1 பொத்தான் ஒரு கை, ஆர்1 பொத்தான் இன்னொரு கை. தட்டினால் குத்து, அழுத்திப் பிடித்தால் பிடி. இரண்டு கையாலும் பிடித்து முக்கோணப் பொத்தானை அமுக்கினால் ஆளைத் தலைக்குமேல் தூக்கலாம்.

விமர்சகர்கள் இதற்கு நடுத்தரமாகத்தான் மதிப்பெண் போட்டார்கள். முக்கியமாக மூன்று குறை. ஒன்று, பொம்மை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இடது பக்கம் போகச் சொன்னால் தள்ளாடிப் போய் எங்கோ நிற்கிறது. இரண்டு, மூன்று வருஷம் காத்திருந்த பிறகும் உள்ளே சரக்கு கொஞ்சம்தான், அதே களங்கள், அதே அடிதடி. மூன்று, தனியாக ஆடினால் எதிரே வரும் கம்ப்யூட்டர் பொம்மைகளோடு மோதுவதில் சுவாரசியம் இல்லை, இணையத்தில் ஆடுவதும் வெளியான சமயத்தில் சரியாக அமையவில்லை.

மூன்றாவது குறை எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பத்தொன்பது பேர் இருக்கிற வீட்டில் யார் தனியாக ஆடப் போகிறார்கள்? இரண்டாவதும் அப்படியே. வாரம் ஐந்து நாள் ஆடுகிறவனுக்குத்தான் இருபது களம் போதாது. எங்கள் வீட்டில் இது சித்திரைக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை வெளியே வரும், அட்டத்தில் கிடக்கிற பெரிய அண்டா மாதிரி. மூன்று தடவையில் எந்தக் களமும் புளித்துப்போகாது.

முதல் குறையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நான் இதை வாங்க நினைப்பதே அந்தக் குறைக்காகத்தான். நன்றாக ஆடக்கூடிய எந்த விளையாட்டை எடுத்தாலும் எங்கள் வீட்டில் ஜெயிக்கப் போவது அத்தை மகன்தான். பன்னிரண்டாம் வகுப்பு, விரல்கள் மட்டும் தனியாகப் பிறந்தவை. கிரிக்கெட் விளையாட்டு போட்டால் மாமாவுக்கு பேட்டைத் தூக்குவதற்குள் ஸ்டம்ப் பறந்துவிடும். இரண்டு ஆட்டம் முடிவதற்குள் மாமா, "நீங்களே ஆடுங்கப்பா" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு நிலத் தகராறுக்குத் திரும்பிவிடுவார். கேங் பீஸ்ட்ஸில் அத்தை மகனின் பொம்மையும் தள்ளாடுகிறது, மாமாவின் பொம்மையும் தள்ளாடுகிறது. திறமைசாலிக்கு அதில் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மாமா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தபடி மாடியிலிருந்து விழுந்தால் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுகிறார். பொங்கலன்று அது மூன்று தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார்.

செல்லூர்க்காரர்களுக்குக் கபடியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடிப் போனவன் கணுக்காலை ஒருத்தன் பிடித்துவிட்டால், மற்றவர்கள் வந்து விழும்வரை அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான், விடாமல் இருப்பது. இந்த ஜெல்லிப் பொம்மைச் சண்டையிலும் கடைசியில் அதுதான் தந்திரம். குத்துவதைவிடப் பிடிப்பதுதான் ஆளை மிச்சப்படுத்துகிறது. தூக்கி வெளியே எறிந்த பிறகும் விளிம்பை ஒரு கையால் பற்றித் தொங்கலாம், மெல்ல ஏறியும் வந்துவிடலாம். இதை முதலில் கண்டுபிடித்தது சித்தப்பா. வாலிபத்தில் செல்லூரில் கபடி ஆடியவர். விமர்சனங்களில் 'கட்டுப்பாடு சரியில்லை' என்று எழுதியிருந்த இடத்தில் அவர், "பிடி நல்லா இருக்குப்பா" என்றார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு சுற்று முடிய ஒன்றிரண்டு நிமிஷம்தான். நாலு பேர் ஆடலாம், விழுந்தவர் கன்ட்ரோலரை அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டால், அரைமணி நேரத்தில் வீட்டில் இருக்கிற எல்லார் கைக்கும் ஒரு தடவை வந்துவிடும். அதில் ஒரு களம் முழுக்க ராட்டினம். தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி ராட்டினத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அந்தக் களத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். வேடிக்கை பார்க்கிறவர்களும் சும்மா இருப்பதில்லை. யார் எந்த நிறம் என்பதில் பாதி நேரம் குழப்பம். தான்தான் பச்சை என்று நினைத்துக்கொண்டு பெரியம்மா முழுச் சுற்றும் ஆடி முடித்தார், அவர் மஞ்சள்.

பெரியம்மாவுக்கு ஓர் ஆட்சேபணை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். "சாமி வர்ற ராத்திரில அடிச்சுக்கிற ஆட்டமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ரத்தம் கிடையாது, பொம்மை கீழே விழுந்தால் அடுத்த சுற்றில் எழுந்து நிற்கும். ஆனால் ஆளை நெருப்பில் தள்ளுகிற களமும், இறைச்சி அரைக்கிற எந்திரத்தில் தள்ளுகிற களமும் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த இரண்டையும் தவிர்த்துவிடுவேன். மற்றபடி மாமன் மச்சான் முறைக்குள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுச் சிரிப்பதை எங்கள் பக்கம் யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. கல்யாண வீட்டில் செய்யாததையா இதில் செய்துவிடப் போகிறார்கள்?

ஓவர்குக்டு 2-க்கு வருகிறேன். விமர்சகர்களைக் கேட்டால் நான் வாங்க வேண்டியது இதைத்தான். முதல் பாகத்தை இங்கிலாந்தில் இருவர் மட்டும் சேர்ந்து நடத்திய கோஸ்ட் டவுன் கேம்ஸ் செய்தது, 2016-ல் வந்தது, அடுத்த வருஷம் பாஃப்டா என்கிற பிரிட்டிஷ் விருது விழாவில் சிறந்த குடும்ப விளையாட்டு என்ற விருதே அதற்குக் கிடைத்தது. 2018 ஆகஸ்டில் இரண்டாம் பாகம் வந்தது. நாலு பேர் ஒரு சமையலறையில் ஓடி ஓடி நறுக்கி, வதக்கி, தட்டில் வைத்து, ஆர்டரை நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். இரண்டாம் பாகத்தில் காய்கறியைத் தூக்கி எறிந்தும் கொடுக்கலாம். தனியாக ஆடினால் சுகமில்லை, இரண்டு சமையல்காரர்களை மாற்றி மாற்றி ஒரே ஆள் ஓட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் பரவலாகச் சொல்லப்பட்ட குறை. கூடவே பாதி விளையாட்டாக, "கூட ஆடுகிறவரோடு சண்டை வந்தால் நாங்கள் பொறுப்பில்லை" என்ற தொனியில் ஒரு வரியும் பல விமர்சனங்களில் இருந்தது.

அந்த விளையாட்டு வரியைத்தான் நான் வினையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் யாராவது ஒருவர் மேஸ்திரியாக நின்று, நீ இதைச் செய், நீ அதைச் செய் என்று கத்தாமல் காரியம் நடக்காது. விமர்சகர்கள் அதைத்தான் கூட்டு முயற்சி என்று புகழ்கிறார்கள். எங்கள் வீட்டில் மேஸ்திரி ஆனது அத்தை மகன். அவனுக்குப் பக்கத்தில் பெரியப்பா, அறுபத்தைந்து வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மூன்று நிமிஷத்தில் சூப் கருகப்போகிறது. ஒரு பையன் பெரியப்பாவைப் பார்த்து என்ன சொல்வான்? 'நறுக்கு' என்று சொல்ல வாய் வராது. 'கொஞ்சம் வெங்காயம் நறுக்கிக் குடுங்க பெரியப்பா' என்று சொல்லி முடிப்பதற்குள் ஆர்டர் போய்விடும். கடைசியில் வினைச்சொல்லையே விட்டுவிட்டான். "வெங்காயம்! வெங்காயம்! தட்டு! தட்டு!" என்று வெறும் பெயர்ச்சொல்லாகவே கத்தினான். பெரியப்பா இரண்டு சுற்று பொறுத்தார். மூன்றாவது சுற்றில் கன்ட்ரோலரைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டார்.

அதைவிட மோசம், பரிமாறின தட்டெல்லாம் அழுக்காகத் திரும்பி வரும், யாராவது ஒருத்தர் தொட்டியில் நின்று கழுவ வேண்டும். ஓடத் தெரியாதவரைக் கழுவ நிறுத்துவதுதான் லாபம் என்று எல்லாரும் சேர்ந்து மதினியை அங்கே நிறுத்தினார்கள். பத்து நிமிஷம் கழுவிவிட்டு மதினி அண்ணனைப் பார்த்து, "வீட்லயும் நான்தான் கழுவணும், இதுலயும் நான்தானா?" என்று கேட்டது. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. முடிந்தது சிரிப்பாக இல்லை.

இது கெட்ட விளையாட்டு என்று சொன்னால் பொய். எனக்கும் என் மனைவிக்கும் இதைப் போலப் பிடித்தது வேறில்லை. இரண்டு பேரும் சமமாக ஆடத் தெரிந்தவர்கள், நீ நறுக்கு நான் வேகவைக்கிறேன் என்று பேசிவைத்துக்கொண்டு ஆடினால் தாளம் பிடிபட்டுவிடும், அப்புறம் விடமுடியாது. இரண்டு பாகத்தையும் சேர்த்து ஆல் யூ கேன் ஈட் என்று பின்னால் வந்த தொகுப்பில் நேரத்தை நீட்டிக்கொள்ள வசதியும் வைத்திருக்கிறார்கள், அதனால் பதற்றம் கொஞ்சம் குறையும். ஆனால் பத்தொன்பது பேர், நாலு தலைமுறை, ஏற்கெனவே ஒரு நிலத் தகராறு. அந்தக் கூடத்தில் வேறு ஒரு அடுப்பையும் பற்றவைக்க வேண்டாம் என்று முடிவுசெய்தேன்.

இதே குடும்பத்தில் சாந்தமான தம்பி மாதிரி ஒன்று உண்டு, மூவிங் அவுட். 2020-ல் வந்தது, ஆஸ்திரேலியாவின் எஸ்எம்ஜி ஸ்டுடியோவும் ஸ்வீடனின் டெவ்எம் கேம்ஸும் சேர்ந்து செய்தது. வீடு மாற்றுகிற ஆட்கள் நாம். சோபா, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளிருந்து தூக்கி லாரியில் அடுக்க வேண்டும். கனமான சாமானை இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். கதவு வழியாக வராவிட்டால் ஜன்னலை உடைத்து வெளியே எறியலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. விமர்சகர்கள் ஓவர்குக்டு அளவுக்குக் கூர்மையில்லை, கொஞ்சம் எளிது என்றார்கள். அந்த எளிமை எனக்குப் பிடித்தது. நேரத்தை நீட்டுவது, சாமான் எடையைக் குறைப்பது என்று உதவி வசதிகள் ஏராளம். ஒத்தக்கடையிலிருந்து செல்லூருக்கு வாடகை வீடு மாற்றியவர்கள் நாங்கள், பீரோவை மாடிப்படியில் திருப்புகிற கஷ்டம் தெரிந்தவர்களுக்கு இதில் தனிச் சிரிப்பு இருக்கிறது. அப்பா பின்னாலிருந்து, "கீழ சாய்ச்சுப் பிடி, மேல நெம்பு" என்று உண்மையாகவே வழி சொன்னார். அது வேலையும் செய்தது. ஆனால் ஒரு கட்டம் முடிந்தால் நாலு பேரும் அடுத்த கட்டத்தையும் ஆடத்தான் நினைக்கிறார்கள், விழுந்தவர் விலகுவது என்ற பேச்சு இதில் இல்லை. கன்ட்ரோலர் கை மாறாது. மீதி பதினைந்து பேர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

ஹ்யூமன் ஃபால் ஃப்ளாட்டிலும் அதே சிக்கல், இன்னும் அதிகமாக. லித்துவேனியாக்காரர் ஒருவர் தொடங்கிய நோ பிரேக்ஸ் கேம்ஸின் படைப்பு, 2016-ல் வந்தது, இதுவரை 4 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. விமர்சகர்கள் வெளியானபோது பாதி மனசோடுதான் எழுதினார்கள். விமர்சனத்துக்கும் விற்பனைக்கும் இவ்வளவு இடைவெளி விழுந்த விளையாட்டுகள் குறைவு. மாவில் செய்த மாதிரி ஒரு வெள்ளைப் பொம்மை. எல்2 அமுக்கினால் இடது கை, ஆர்2 அமுக்கினால் வலது கை, எங்கே பார்க்கிறோமோ அங்கே கை நீளும். அதை வைத்துச் சுவர் ஏறுவது, பெட்டியை நகர்த்துவது, கதவைத் திறப்பது. ஒரு புதிருக்குப் பத்து வழி உண்டு, குறுக்கு வழியில் போனாலும் தடுக்காது. இணையத்தில் எட்டுப் பேர் சேரலாம், ஆனால் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்தால் இரண்டு பேர்தான், திரையும் பாதியாகப் பிரிந்துவிடும். ஒரு கட்டம் முடிக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து ஆட அருமையானது. அழகர் ராத்திரிக்கு ஒத்துவராது.

ஃபால் கைஸை இலவசமாகவே தருகிறார்கள், அதை ஏன் விட்டாய் என்று நண்பன் கேட்டான். 2020 ஆகஸ்டில் வந்து, 2022 ஜூனிலிருந்து காசில்லாமல் கிடைப்பது. போகோ சேனலில் தகேஷிஸ் கேஸில் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிடும், உருளைமேல் ஓடுவது, கதவை முட்டுவது, சேற்றில் விழுவதற்குப் பதில் பாகில் விழுவது. பாராட்டியவர்கள் அதன் நிறத்தையும் குதூகலத்தையும் பாராட்டினார்கள், குறை சொன்னவர்கள் அணி அணியாக ஆடும் சுற்றுகளில் நம் கையில் ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு அந்த விவாதத்துக்குள்ளேயே போக வேண்டியிருக்கவில்லை. ஒரே டிவியில் நாலு பேர் சேர்ந்து ஆட அதில் வழியில்லை. ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு கணக்கு, நல்ல நெட் வேண்டும். பிள்ளைகள் மூலைக்கு மூலை உட்காருவதைத் தடுக்கத்தானே இவ்வளவும்?

அல்டிமேட் சிக்கன் ஹார்ஸைப் பட்டியலில் வைத்திருந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஆளுக்கொரு பொறி வைத்து, அப்புறம் அந்தப் பாதையில் எல்லாருமே ஓட வேண்டும். எல்லாரும் கரை சேர்ந்துவிட்டால் யாருக்கும் மதிப்பெண் இல்லை. யோசித்தவரின் மூளைக்கு ஒரு வணக்கம். ஆனால் தாண்டத் தெரிய வேண்டும், அத்தை மகன் மறுபடியும் ராஜா. ஜாக்பாக்ஸ் தொகுப்புகளில் செல்போனே கன்ட்ரோலர், நல்ல யோசனை, ஆனால் ஆட்டமே இங்கிலீஷ் வார்த்தை விளையாட்டு. அப்பத்தாவை வெளியே உட்கார வைக்கிற எதுவும் வேண்டாம்.

இங்கிலீஷ் பிரச்சினையோடேயே இன்னொன்றை எடுத்துக்கொண்டது வேறு கதை. கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ். கனடாவின் ஸ்டீல் க்ரேட் கேம்ஸ் 2015-ல் வெளியிட்டது. ஒருத்தர் திரையைப் பார்ப்பார், அதில் வெடிகுண்டு. மற்றவர்கள் திரையைப் பார்க்கக் கூடாது. அவர்கள் கையில் குண்டை எப்படிச் செயலிழக்க வைப்பது என்கிற கையேடு, 23 பக்கம். பார்ப்பவர் வர்ணிக்க வேண்டும், படிப்பவர் வழி சொல்ல வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கையேட்டை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கோரிப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடையில் பக்கம் இரண்டு ரூபாய் என்று நாற்பத்தாறு ரூபாய்க்குப் பிரிண்ட் எடுத்தேன். செல்போனிலும் இது உண்டு. டிவியே இல்லாமல் ஆடலாம், கரண்ட் போனாலும் டார்ச் அடித்துக்கொண்டு காகிதத்தைப் படிக்கலாம். அதில் இன்னும் நன்றாக இருக்கும் என்றுகூட நினைக்கிறேன்.

விமர்சகர்கள் இதை நன்றாகவே பாராட்டியிருக்கிறார்கள், அவர்கள் சொன்ன ஒரே பெரிய குறை கையேடு மனப்பாடம் ஆகிவிட்டால் மர்மம் போய்விடும் என்பது. அவர்கள் யோசிக்காதது, யோசிக்க வேண்டியதும் இல்லாதது, கையேட்டை ஒருத்தர் இங்கிலீஷில் படித்து இன்னொருத்தருக்குத் தமிழில் சொல்லும்போது என்ன ஆகும் என்பது. அக்கா பள்ளிக்கூட டீச்சர், அவளிடம் கையேடு. சித்தப்பா எலக்ட்ரீசியன், அவரிடம் குண்டு.

"எத்தனை ஒயர் இருக்கு சித்தப்பா?"

"மூணு. நீலம், கறுப்பு, நீலம்."

"சிவப்பே இல்லைன்னா ரெண்டாவதை வெட்டணுமாம்."

"கறுப்பையா? அது நியூட்ரல்த்தா. முப்பது வருஷமா வயரிங் பாக்குறேன், ஃபேஸை விட்டுட்டு நியூட்ரலை எவனாவது வெட்டுவானா?"

அந்த வாதத்திலேயே ஒரு நிமிஷம் போய்விட்டது. வெட்டிய பிறகு குண்டு வெடிக்கவில்லை, ஆனால் சித்தப்பாவுக்கு இன்னும் சமாதானமாகவில்லை. அடுத்து ஒரு பெரிய பொத்தான் வந்தது. அழுத்திப் பிடித்தால் ஓரத்தில் ஒரு கோடு ஒளிரும். நீலமாக இருந்தால் கடிகாரத்தில் 4 தெரியும்போது விட வேண்டும், மஞ்சளாக இருந்தால் 5. இதெல்லாம் தமிழில் வழுக்கிக்கொண்டு போனது. குறியீடுகளை வர்ணிக்கும் பகுதி இன்னும் பிரமாதம். அந்த விசித்திர எழுத்துகளுக்கு யாருக்குமே பெயர் தெரியாது என்பதால் ஊர்ப் பெயர்களே வைத்துக்கொள்ளலாம். கிரேக்க எழுத்து ஒன்று பாண்டி முனி கோயில் சூலம் ஆயிற்று. தலைகீழாக நின்ற கேள்விக்குறி 'தூண்டில்' ஆனது. இரண்டாவது ஆட்டத்திலேயே, 'சூலத்துக்கு அடுத்துத் தூண்டிலா?' என்று எல்லாரும் ஒரே மொழி பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மொழிபெயர்ப்பு முட்டிக்கொண்டு நின்ற இடம் ஒன்றுதான். ஒரே மாதிரி ஒலிக்கிற இங்கிலீஷ் சொற்களை வைத்துக் குழப்புகிற ஒரு பகுதி இருக்கிறது, யூ, யுவர், யூ ஆர், வெறும் எழுத்தாக ஒரு யு என்று. அதை எழுத்துக் கூட்டித்தான் சொல்ல வேண்டும். சித்தப்பா, "ஒய் ஓ யு, பக்கத்துல மேல ஒரு கமா, அப்புறம் ஆர் ஈ" என்று சொல்லி முடிப்பதற்குள் வெடித்துவிட்டது. ஆரம்பக் குண்டுகளில் அந்தப் பகுதி வருவதில்லை. அதனால் எங்களுக்கு ஆரம்பக் குண்டுகளே போதும். அக்காவோ, இங்கிலீஷ் தெரிந்த யாராவது ஒருவரோ வீட்டில் இல்லாவிட்டால் இதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஆக, பெரிய திரைக்கு கேங் பீஸ்ட்ஸ். மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஓவர்குக்டைத்தான் எடுத்திருப்பேன், விமர்சகர்கள் கணக்கில் அது மேலே, கேங் பீஸ்ட்ஸ் கீழே. இரண்டு பேர் இருக்கிற வீடு என்றால் இன்றைக்கும் ஓவர்குக்டைத்தான் எடுக்கச் சொல்வேன், சாந்தமானவர்கள் என்றால் மூவிங் அவுட். தனியாக இருக்கிறவர், நெட் நன்றாக இருக்கிறது என்றால் ஃபால் கைஸைக் காசில்லாமலே இறக்கிக்கொள்ளலாம், கேங் பீஸ்ட்ஸ் பக்கமே வர வேண்டாம். விமர்சகர்கள் அதைத் தனியாக ஆடுவதைப் பற்றிச் சொன்னது அவ்வளவும் சரி.

குண்டு விளையாட்டைச் செல்போனில் வாங்கிக்கொள்கிறேன். பிள்ளைகள் ஒரு மணிக்குமேல் தூங்கிச் சரிந்துவிடுவார்கள், டிவி சத்தத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்கு அது ஆகும். பிரிண்ட் எடுத்த கையேட்டில் அக்கா ஏற்கெனவே பென்சிலில் தமிழ் எழுதி வைத்திருக்கிறாள். சூலம், தூண்டில் எல்லாம் ஓரத்தில் இருக்கிறது.

மிச்சம் கன்ட்ரோலர்தான். நாலு இருந்தால்தான் ஆட்டம் களைகட்டும், புதிதாக ஒன்று வாங்கினாலே ஆயிரக்கணக்கில் போய்விடும். அத்தை மகனிடம் இரண்டு இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்கிறான். ஒரே நிபந்தனை, தானாக மேலே இழுக்கிற அந்த கன்ட்ரோலரைத் தனக்குத் தரக் கூடாதாம். அதை அவனுக்குத்தான் கொடுக்கப்போகிறேன்.